விரால் மீனின் வழவழப்பு

நேயர்களுக்கு வணக்கம். விரால் மீன் கழுவியவர்களுக்கு நான் சொல்லப்போவதில் பாதி ஏற்கெனவே தெரியும். சாம்பலும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்தாலொழிய அது கைக்குள் நிற்காது. என் அம்மா முதல் கழுவலில் நூல்நூலாக வரும் கொழகொழப்பை விரலால் தூக்கிக் காட்டி, "இது போனால்தான் மீன் பிடிபடும்" என்பார். அந்த வழவழப்புக்குக் காரணம் மியூசின் என்ற புரதம். நம் சளியிலும் எச்சிலிலும் குடலின் உட்புறப் பூச்சிலும் இருப்பது அதே குடும்பம்தான். புரதம் என்றாலும் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைச் சங்கிலிகள். அவை தண்ணீரைக் குடித்து உப்பி நிற்கின்றன.

சளி என்றால் முகம் சுளிக்கிறோம். எனக்கு அதில் நெடுநாள் வருத்தம் உண்டு. பெருங்குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. ஸ்வீடனில் கன்னர் ஹான்சன் குழுவினர் 2008இல் சுண்டெலிக் குடலில் பார்த்தது இது: சளி இரண்டு அடுக்காக இருக்கிறது. வெளி அடுக்கில் பாக்டீரியா குடியிருக்கிறது, உள் அடுக்கில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அந்தச் சளியைக் கட்டும் மியூசின் இல்லாமல் பிறந்த சுண்டெலிகளுக்குக் குடல் புண்பட்டது, புற்றுநோயும் வந்தது. காவல் போனதும் வீடு போயிற்று.

இந்தக் காவலைப் புற்றுநோய் செல்லும் திருடிக்கொள்கிறது. மார்பகத்தின் பால் நாளச் செல்லில் மியூசின் 1 என்ற வகை, நாளத்தின் உட்புறத்தை நோக்கிய பக்கத்தில் மட்டும் இருக்க வேண்டும். புற்றுநோய் செல்லிலோ அது செல்லின் மேற்புறமெங்கும் போர்த்திக்கொள்ளப்படுகிறது. சர்க்கரைச் சங்கிலிகளும் குட்டையாகி, நுனியில் நம் செல்களிலும் உள்ள சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையைச் சூடிக்கொள்கின்றன. அதைத் தொட்டுப் பார்க்கும் நோய் எதிர்ப்புச் செல், "நம் வீட்டுப் பிள்ளை" என்று கையை விலக்கிக்கொள்கிறது. விராலைப் போலவே, பிடி கிடைப்பதில்லை.

இங்கே ஒரு பழைய கதை. இதை எங்கே பேசினாலும் சொல்லாமல் விடமாட்டேன். பாரிஸில் அர்மான் துரூசோ என்ற மருத்துவர் இருந்தார். காரணமில்லாமல் நாளங்களில் ரத்தம் உறைந்தால் உள்ளே எங்கோ புற்றுநோய் ஒளிந்திருக்கலாம் என்று 1865இல் மாணவர்களுக்குப் பாடம் சொன்னார். இரண்டே ஆண்டில் அவருக்கே நாளம் வீங்கி வலித்தது. தமக்கு வந்திருப்பது என்ன என்று அந்த நொடியே அவருக்குத் தெரிந்துவிட்டது. 1867இல் வயிற்றுப் புற்றுநோயில் இறந்தார். தாம் கண்டுபிடித்த அடையாளத்தைத் தம் உடம்பிலேயே படித்த மனிதர். நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

ஏன் ரத்தம் உறைகிறது? அதற்கு ஒரு விடை வர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. புற்றுநோயின் மியூசினை ரத்தத் தட்டணுக்களில் உள்ள செலக்டின் என்ற கொக்கி பற்றிக்கொள்கிறது. தட்டணுக்கள் சூழ்ந்து மூட, அந்த மறைவில் செல் ரத்தத்தில் பயணம் போய் வேறோர் உறுப்பில் இறங்குகிறது. பரவல் என்று மருத்துவர் சொல்வது இதைத்தான். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற அஜித் வார்க்கியின் குழு 2001இல், அந்தக் கொக்கியை, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தால் மறித்தாலும், செல்லின் மியூசினை நொதியால் நீக்கினாலும், சுண்டெலிகளில் பரவல் குறைவதைக் காட்டியது.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒரு நிமிடம் என்று விரல் காட்டுகிறார்கள். சுருக்கிவிடுகிறேன். சினைப்பைப் புற்றுநோய்க்காகப் பார்க்கும் சிஏ 125 என்ற பெயரை ரத்தப் பரிசோதனைச் சீட்டில் பார்த்திருப்பீர்கள். அதுவும் ஒரு மியூசின்தான், மியூசின் 16. மாதவிடாயிலும் கர்ப்பத்திலும்கூட அது கூடும். எண்ணை மட்டும் பார்த்துக் கலங்காமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

கடைசியாக, மியூசினை வெட்டும் ஒரு பாக்டீரியா நொதி. 2022இல் வேதியியல் நோபல் பெற்ற கரோலின் பெர்டோசியின் ஆய்வகம் அதைப் புற்றுநோய் செல்லை மட்டும் தேடிப் போகும்படி மாற்றியமைத்தது. சுண்டெலிகளில் கட்டியின் வளர்ச்சி குறைந்தது. தேடிப் போவதுதான் இதில் முக்கியம். கண்டபடி வெட்டினால் குடலின் காவலும் போய்விடும். வணக்கம்.