கூரையைப் பிரிக்கும் முன் ரப்பீஸுக்கு வழி பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

தை பிறந்தால் வேலூரில் கூரை வேலைகள் ஆரம்பித்துவிடும். ஒழுகுகிற மெத்தையை, அதாவது மொட்டை மாடித் தளத்தைக் கொத்திப் புதிதாகத் தட்டோடு பதிப்பவர்கள், ஓட்டைப் பிரித்துவிட்டு ஷீட் போடுபவர்கள், ஷீட்டையும் எடுத்துவிட்டு காங்கிரீட் போடுபவர்கள் என்று தெருவுக்கு ஒரு வீடாவது இருக்கும். கட்டட வேலையில் இருக்கிற என்னிடம் கம்பி என்ன விலை, எந்த சிமெண்ட் நல்லது என்று கேட்காதவர் இல்லை. இடித்ததை எங்கே கொட்டுவது என்று முன்கூட்டிக் கேட்பவர்தான் அபூர்வம். ரப்பீஸ், அதாவது இடித்த கழிவு, வாசலில் குவிந்து, எதிர்வீட்டுக்காரர் பைக்கை வெளியே எடுக்க முடியாமல் சத்தம் போடும்போதுதான் அந்தக் கேள்வியே வரும்.

அமெரிக்காவில் இருக்கிற பிள்ளைகள் போனில் சொல்வார்கள்: "அங்கெல்லாம் ஒரு இரும்புப் பெட்டியை வாடகைக்கு வாசலில் இறக்கிவிட்டுப் போவார்கள், நிரம்பியதும் வந்து தூக்கிக்கொள்வார்கள்." உண்மைதான். அந்தப் பெட்டிகளை 10 கன கெஜம், 20 கன கெஜம் என்று அளவு சொல்லி வாடகைக்கு விடுகிறார்கள். ஆனால் அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பெட்டியில் இடம் மிச்சம் இருந்தாலும், பேசின எடையைத் தாண்டினால் தனிக் காசு. கூரைக் கழிவில் ஆளைக் கவிழ்ப்பது எடைதான். நம் ஊருக்கும் இது அப்படியே பொருந்தும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 600 சதுர அடி மெத்தை. மேலே தட்டோடும், சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த சுருக்கியுமாக நாலு அங்குல கனம். கொத்தி எடுத்தால் 200 கன அடி, அதாவது 2 யூனிட். உடைத்த சரக்கு உப்பிவிடும். அதனால் வண்டியில் ஏற்றும்போது 3 யூனிட்டுக்கு வரும். டிராக்டர் டிப்பர் ஒன்றில் ஏறக்குறைய ஒரு யூனிட் பிடிக்கும், ஆக மூன்று லோடு. எடை 10 டன்னை ஒட்டி இருக்கும். இதைக் குட்டி யானையில் அனுப்பிவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் உண்டு. அந்த வண்டி தாங்குவது முக்கால் டன் அளவுதான். தொட்டி நிறைய ரப்பீஸ் போட்டால் ஸ்பிரிங் பட்டை ஒடியும், இல்லாவிட்டால் பதிமூன்று, பதினாலு நடை அடிக்க வேண்டும். ஷீட், ஓடு, மரம் மாதிரி லேசான சரக்குக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கொசப்பேட்டை, சைதாப்பேட்டை சந்துகளில் டிராக்டரே திரும்பாதே என்பீர்கள். அங்கே விடியற்காலையில் வண்டியைத் தெருமுனையில் நிறுத்தி, கோணிப்பையில் கட்டித் தூக்கிவர வேண்டியதுதான். அதற்கு ஆள் கூலி தனி. மேஸ்திரியிடம் ரேட் பேசும்போதே, "கொத்துவது, இறக்குவது, ஏற்றுவது, கொட்டுவது எல்லாம் சேர்த்தா?" என்று கேட்டுவிடுங்கள். "சுத்தம் பண்ணிக் கொடுத்துடறோம்" என்று அவர் சொல்வது மாடியை மட்டுமா, தெருவையும் சேர்த்தா என்பது பணம் கொடுக்கும் நாளில்தான் தெரியும்.

இன்னொன்று, இது உயிர் சம்பந்தப்பட்டது. பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் மரக் கட்டைகள்தான் மெத்தையைத் தாங்குகின்றன. அவற்றில் எது கரையான் தின்றது என்று கீழே இருந்து பார்த்தால் தெரியாது. கொத்தினதையெல்லாம் மாடி நடுவில் மேடாகக் குவித்து வைத்தால், அத்தனை பாரமும் ஒரே இடத்தில் உட்காரும். கொத்தக் கொத்த இறக்க வேண்டும். பழைய பிளாஸ்டிக் டிரம்களின் அடியை அறுத்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக் கயிறு கட்டிவிட்டால் நல்ல குழாய் கிடைக்கும். தூசியும் அக்கம்பக்கம் பறக்காது. கொத்தும் முன் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். கீழே குழாய் வாய்க்கு நேரே யாரும் நிற்கக் கூடாது.

ஏற்றும் முன் தரம் பிரித்தால் செலவில் கொஞ்சம் கையோடு வந்துவிடும். தேக்கு உத்தரம், கட்டை இவற்றுக்குப் பழைய மரக்கடையில் விலை உண்டு. சீமை ஓட்டை உடைக்காமல் இறக்கினால் மாட்டுக் கொட்டகைக்குக் கேட்டு வருவார்கள். சில ஓடுகளின் அடியில் மங்களூர் பாசல் மிஷன் முத்திரையும் 1865 என்ற எண்ணும் இருக்கும். அது தொழிற்சாலை தொடங்கின வருஷம். ஓட்டுக்கு அத்தனை வயசு என்று நினைத்துப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். சுருக்கியும் செங்கல் துண்டும் பேஸ்மெண்ட் நிரப்ப ஆகும். ஆனால் உளுத்த மரத்துண்டு அதில் கலக்கக் கூடாது, கரையானை நாமே குடிவைத்த மாதிரி ஆகிவிடும்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். அதை உடைத்தால் கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் கிளம்பும். நுரையீரலில் போய்த் தங்கினால் பல வருஷம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? போல்ட் துருப்பிடித்துக் கழலவில்லை என்றதும் சுத்தியலால் ஷீட்டையே உடைத்துக் கீழே தள்ளுகிறார்கள். அப்படிச் செய்ய விடாதீர்கள். ஷீட்டை நனைத்து, போல்ட்டை மட்டும் அறுத்து, முழுசாகக் கயிற்றில் இறக்கி, தடித்த பிளாஸ்டிக் தாளில் சுற்றித் தனியாக வையுங்கள். முகத்தில் கைக்குட்டை கட்டினால் போதாது, நல்ல மாஸ்க் வேண்டும். ரப்பீஸோடு சேர்க்கவும் கூடாது, பள்ளம் நிரப்பவும் கூடாது.

கடைசியில் எங்கே கொட்டுவது? டிராக்டர்காரர் "அதை நான் பார்த்துக்கறேன்" என்றால், பெரும்பாலும் ராத்திரியில் பாலாறு அல்லது ஏதாவது ஏரிக்கரை என்று அர்த்தம். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தை நாம் எல்லோரும் பார்த்தோம். தண்ணீர் போகிற வழியில் கல்லும் மண்ணும் கொட்டினால் அது யார் வீட்டுக்குள் திரும்பும்? 2016-இல் வந்த கட்டடக் கழிவு மேலாண்மை விதிகளே, கழிவைப் பிரித்து வைப்பதும், போக்குவரத்தும் சாக்கடையும் அடைபடாமல் பார்ப்பதும் கழிவை உண்டாக்குகிறவர் பொறுப்பு என்றன. அதனால் வேலை தொடங்கும் முன் உங்கள் வார்டு எந்த மண்டல அலுவலகத்தில் வருகிறதோ அங்கே போய், கட்டடக் கழிவை எங்கே கொண்டுவரச் சொல்கிறார்கள், ஷீட்டை என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று இரண்டையும் கேளுங்கள். அந்த இடத்தை வண்டிக்காரரிடம் சொல்லி, தூரத்துக்கு ஏற்றபடி வாடகை பேசுங்கள். முதல் லோடுக்கு வீட்டு ஆள் ஒருவர் பைக்கில் பின்னாலேயே போய்வருவது நல்லது. பாக்கிப் பணத்தைக் கடைசி லோடு இறங்கிய பிறகு கொடுங்கள்.

வண்டி போன அன்றைக்கே மாடித் தண்ணீர்க் குழாயில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சுருக்கித் தூள் போய் அடைத்திருந்தால் அப்போதே குத்தி எடுத்துவிடலாம். வாசலில் கிடக்கிற ஆணி, போல்ட் துண்டுகளையும் பெருக்கிவிடுங்கள், காலையில் பால்காரர் வண்டி அந்த வழியாகத்தான் வரும்.

நன்றி, வணக்கம்.