பாலிமர் க்ளே கம்மல் பட்டுனு உடையுதா? தப்பு க்ளேல இல்ல, ஓவன்ல!

[திரையில்: ரெண்டு விரலால லேசா வளைச்சதும் ரெண்டா உடையுற கம்மல்]

இந்தக் கம்மல் முப்பது நிமிஷம் ஓவன்ல இருந்துச்சு. ஆனாலும் வேகல! வேகலைன்னா என்ன? அதுதான் இந்த வீடியோவே. கடைசி வரைக்கும் பாருங்க, கைல இருக்கிற கம்மலைக் காப்பாத்தவும் வழி இருக்கு.

பேர்லதான் க்ளே, ஆனா இதுல மண்ணே கிடையாது. நுணுக்கமான பி.வி.சி. துகள், அதை இளக்கி வைக்கிற பிளாஸ்டிசைசர்னு ஒரு திரவம், கலர், அவ்வளவுதான். அதனால டெரகோட்டா மாதிரி நிழல்ல உலர்த்தி சூளைல வைக்கிற வேலை இதுக்கு இல்ல.

இப்ப ஜவ்வரிசியை நினைச்சுக்கோங்க. வேக வேக ஒவ்வொரு மணியும் தண்ணியைக் குடிச்சு உப்பி, பக்கத்து மணியோட ஒட்டிக்கும். பாதி வெந்தா நடுவுல வெள்ளைப் புள்ளி நிக்கும், பார்த்திருப்பீங்க. க்ளேயும் அப்படியேதான்! சூடு ஏறினா பி.வி.சி. துகள் அந்தத் திரவத்தை உறிஞ்சி, உப்பி, ஒண்ணோட ஒண்ணு உருகிச் சேரும். சூடு பத்தலைன்னா துகள்கள் சும்மா பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கும். வெளிய பார்க்க கெட்டியாத்தான் தெரியும். வளைச்சா, அந்த இடைவெளி வழியாவே பிளக்கும். இந்த வெள்ளைப் புள்ளி க்ளேல கண்ணுக்குத் தெரியாது, அதுதான் சிக்கல்.

அப்ப எவ்வளவு சூடு? பாக்கெட்டைப் படிங்க. ஃபிமோ பிராண்டுன்னா 110 டிகிரி, ஸ்கல்பி பிரீமோ பிராண்டுன்னா 135 டிகிரி. ஒண்ணோட கணக்கு இன்னொண்ணுக்கு ஒத்து வராது. பிரீமோவுக்கு 6 மில்லிமீட்டர் தடிமனுக்கு 30 நிமிஷம்.

ஆனா ஓ.டி.ஜி., அதாவது வீட்டுல வைக்கிற சின்ன ஓவனோட டயலை நம்பாதீங்க! 130-ல திருப்பினா உள்ள 110-ம் இருக்கலாம், 150-ம் இருக்கலாம். தனியா ஒரு ஓவன் தெர்மாமீட்டர் வாங்கி, கம்மல் இருக்கிற அதே உயரத்துல வைங்க. இருபது நிமிஷம் சூடாக்கி, முள் ஒரே இடத்துல நின்ன பிறகுதான் கம்மல் உள்ள போகணும். கீழ ஒரு செராமிக் டைல், அது மேல வெள்ளைப் பேப்பர். பேப்பர் இல்லைன்னா பின்பக்கம் திட்டுத் திட்டா பளபளக்கும். மேல அலுமினியம் ஃபாயிலைக் கூடாரம் மாதிரி மூடுங்க, ஓவன் கம்பியோட நேரடி அனல் பட்டா வெள்ளை கலர் பழுப்பாயிடும். சரியான சூட்டுல பத்து நிமிஷம் கூடப் போனா ஒண்ணும் ஆகாது. சூடு கூடினாத்தான் ஆபத்து: 175 டிகிரியைத் தாண்டினா கருகி, ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும். உடனே அணைச்சு, ஜன்னலைத் திறந்துட்டு, அறையை விட்டு வெளிய வந்துடுங்க.

கடாய்ல உப்பு போட்டு கேக் சுடுவோமே, அந்த வழி இதுக்கு வேண்டவே வேண்டாம். சூடு எவ்வளவுன்னு அதுல பிடிபடாது. மைக்ரோவேவும் வேண்டாம்.

[திரையில்: ஐஸ்கிரீம் குச்சி அகலத்துல ஒரு க்ளே பட்டை]

ஒவ்வொரு தடவையும் 2 மில்லிமீட்டர் தடிமன்ல இப்படி ஒரு பட்டையும் கூடவே சுடுங்க. சுடச்சுட தொட்டா மெத்துனுதான் இருக்கும், வேகலையோன்னு பயப்படாதீங்க. நல்லா ஆறினதும் வளைங்க. வளைஞ்சு திரும்பி வந்தா வெந்துடுச்சு. மளுக்குன்னு உடைஞ்சா, மீதிக் கம்மலை எல்லாம் சரியான சூட்டுல திரும்ப சுடுங்க. ஆமா, ரெண்டாவது தடவை தாராளமா சுடலாம்! உடையாத பழைய கம்மலும் இப்படித்தான் பிழைக்கும்.

பின்பக்கத் தண்டை வெறும் பசையில ஒட்டாதீங்க, கழண்டு வரும். தண்டோட தட்டு மேல லிக்விட் க்ளே (திரவமா வர்ற பாலிமர் க்ளே) ஒரு சொட்டு, அதை மூடி மெல்லிசா ஒரு க்ளே வட்டம், திரும்ப ஒரு சூடு. நெயில் பாலிஷ் பூசினா நாளாக நாளாகப் பிசுபிசுக்கும். க்ளே தேய்ச்ச பூரிக்கட்டை திரும்ப சப்பாத்திக்குப் போகக் கூடாது.

உங்க ஓவன் டயல் 130-ல இருக்கும்போது தெர்மாமீட்டர் எவ்வளவு காட்டுதுன்னு கமெண்ட்ல போடுங்க. ரெண்டு நம்பரையும் போடுங்க!