மறியலுக்குள் யாருக்குப் பக்கத்தில் யார்? கைதிகளை வகைப்படுத்துவது எதற்காக

[திரை: மட்டக்களப்பு வாவி. பாலத்தின் மேலிருந்து புளியந்தீவுப் பக்கம் திரும்பும் கமெரா.]

குரல்: ஒருவரை விளக்கமறியலில், அதாவது வழக்கு முடியும்வரை சிறையில், வைக்கும்படி நீதவான் கட்டளையிட்டால் அன்று பின்னேரம் என்ன நடக்கும்? வாகனத்தில் ஏற்றுவார்கள். சிறைச்சாலை வாசலில் பெயர், ஊர், வழக்கு இலக்கம் பதிவார்கள். உடம்பைச் சோதிப்பார்கள், கையில் இருப்பதை வாங்கி வைப்பார்கள். இவ்வளவும் முடிந்த பிறகு ஒரு உத்தியோகத்தர் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். இந்த ஆள் இன்றிரவு எந்த அறையில், யாருக்குப் பக்கத்தில் படுப்பது?

கைதிகளை வகைப்படுத்துவது என்ற வேலை இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. அதற்குப் பின்னால் இன்னும் பெரிய கேள்வி ஒன்று நிற்கிறது: இவர் வெளியே போனால் திரும்பி வராமல் இருக்க இவருக்கு என்ன தேவை? முதற் கேள்விக்காவது ஏதோ ஒரு விடை கிடைத்துவிடுகிறது. இரண்டாவதை யாரும் கேட்பதற்கு முன்பே பலர் விடுதலையாகிப் போய்விடுகிறார்கள். இன்றைய வீடியோ அதைப் பற்றித்தான். 2009க்குப் பிறகு நடந்த புனர்வாழ்வு முகாம்கள் வேறு கதை, அதை இங்கே தொடவில்லை.

[திரை: மூன்று ஆட்களின் கோட்டோவியம்.]

மூன்று பேரை வைத்துப் பேசுவோம். கற்பனை ஆட்கள்தான், ஆனால் நீதிமன்ற வாசலில் ஒரு காலை நேரம் நின்றவர்களுக்கு மூவரையும் தெரிந்திருக்கும்.

முதலாமவர் வாழைச்சேனைப் பொடியன், வயது 23. மேசன் வேலைக்குக் கையாளாகப் போகிறவர். சட்டைப்பையில் கொஞ்சம் ஐஸ் போதைப்பொருள் வைத்திருந்து பிடிபட்டார். இதற்கு முன் பொலிஸ் நிலையப் படி மிதித்ததில்லை.

இரண்டாமவர் ஆயித்தியமலைப் பக்கத்துக் கூலித் தொழிலாளி, வயது 45. கசிப்பு வழக்கில் தண்டப்பணம் விதித்தார்கள். கட்ட வழியில்லை. அதற்குப் பதிலாகச் சில மாதம் மறியல்.

மூன்றாமவர் நகரத்து ஆள், வயது 38. கொள்ளை வழக்கு, இன்னும் விளக்கத்துக்கு வரவில்லை. உள்ளே வருவது இது மூன்றாந் தடவை. எந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும், யாரிடம் எதைக் கேட்டால் கிடைக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

[திரை: 1877 என்ற எண்.]

சரி, சட்டம் இவர்களை எப்படிப் பிரிக்கிறது? இலங்கையில் இன்றும் அடிப்படையாக இருப்பது 1877ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டம். விக்டோரியா மகாராணி காலத்தது. இடையில் திருத்தங்கள் வந்தன, அத்திவாரம் மாறவில்லை. ஆண் வேறு, பெண் வேறு. சிறுவர் வேறு, வளர்ந்தவர் வேறு. தண்டனை பெற்றவர் வேறு, வழக்கு முடியாதவர் வேறு. குடியியல் வழக்கில் வந்தவர் வேறு, குற்றவியல் வழக்கில் வந்தவர் வேறு. வழக்கு முடியாதவருக்கு வீட்டுச் சாப்பாடும் சொந்த உடுப்பும் அனுமதி. தண்டனை பெற்றவர் ஜம்பர் என்ற சிறை உடுப்புப் போட வேண்டும்.

இப்போது நம் மூன்று பேரையும் இந்தச் சட்டத்துக்குள் போட்டுப் பாருங்கள். கூலித் தொழிலாளி தண்டனைக் கைதி, ஆகவே அவர் ஒரு பக்கம். மற்ற இருவரும் வயது வந்த ஆண்கள், இருவரும் விளக்கமறியல். சட்டத்தின் கண்ணுக்கு இருவரும் ஒரே வகை. ஆக, கிட்டவே இருக்கக்கூடாத இரண்டு பேரைத்தான் இந்தப் பிரிப்பு ஒரே மண்டபத்தில் படுக்க வைக்கிறது.

என்ன நடக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். பொடியனுக்குப் பயம். மூன்றாமவருக்கு உள்ளே மரியாதை இருக்கிறது. படுக்க நல்ல இடம் எடுத்துத் தருகிறார், சண்டைக்கு வருபவனை விலக்கிவிடுகிறார். அவர் கெட்டவர் என்பதால் பொடியன் அவரிடம் ஒட்டவில்லை; அங்கே பாதுகாப்புத் தரக்கூடிய ஒரே ஆள் அவர் என்பதால் ஒட்டுகிறான். பிணை கிடைத்து வெளியே வரும்போது பொடியனிடம் ஒரு கடமைப்பாடும் இரண்டு தொலைபேசி இலக்கமும் சேர்ந்திருக்கும்.

முதற் தடவை வந்தவர், மறுபடி வந்தவர், திரும்பத் திரும்ப வருபவர் என்ற பிரிப்பு நம் சிறைச்சாலைகள் திணைக்களத்துக்குத் தெரியாததல்ல. ஆண்டுதோறும் வெளியிடும் புள்ளிவிபரத்திலேயே தண்டனைக் கைதிகளை அப்படித்தான் எண்ணுகிறார்கள். எண்ணுவதும், அதன்படி அறை ஒதுக்குவதும் ஒன்றல்ல. அறை ஒதுக்க அறை வேண்டும். நாடு முழுவதும் சிறைகளில் இருப்பவர்கள் கொள்ளளவைப் போல இரு மடங்குக்கும் மேல். அதிலும் பெரும்பகுதி வழக்கு முடியாதவர்கள். 30 பேர் படுக்கக்கூடிய மண்டபத்தில் 70 பேர் இருந்தால் எந்தப் பிரிப்பும் காகிதத்தில்தான் இருக்கும்.

பெரிய புள்ளிகள் உள்ளே போனால் மட்டும் இந்த இடப் பிரச்சினை வருவதில்லை. அன்றிரவே நெஞ்சுவலி வந்து சிறைச்சாலை வைத்தியசாலையில் கட்டில் கிடைத்துவிடும். நாம் எல்லோரும் செய்தியில் பார்த்த வகைப்படுத்தல் அது.

[திரை: ஐ.நா. பொதுச்சபை மண்டபம்.]

2015 டிசம்பர் 17 அன்று ஐ.நா. பொதுச்சபை, கைதிகளை நடத்துவதற்கான குறைந்தபட்ச விதிகளைத் திருத்தி ஏற்றது. நெல்சன் மண்டேலா விதிகள் என்று அவருடைய பெயரையே வைத்தார்கள். அதில் 93ஆம் விதி வகைப்படுத்தலுக்கு இரண்டு நோக்கங்களைச் சொல்கிறது. ஒன்று, பிறரைக் கெடுக்கக்கூடியவர்களை விலக்கி வைப்பது. மற்றது, சமூகத்தோடு மீண்டும் சேர்வதற்கான உதவியை இலகுவாக்கும் வகையில் ஆட்களைப் பிரிப்பது. 94ஆம் விதி இன்னொரு படி போகிறது: ஓரளவு நீண்ட தண்டனை பெற்று வருபவரை ஆராய்ந்து, அவருடைய தேவையையும் திறமையையும் இயல்பையும் வைத்து அவருக்கென்று ஒரு திட்டம் வரைய வேண்டும்.

ஆராய்வது என்றால் எதை ஆராய்வது? இங்கேதான் கனடா உளவியலாளர்கள் அன்ட்ரூஸ், பொன்டா, ஹோஜ் ஆகியோர் 1990இல் முன்வைத்த சிந்தனை உதவுகிறது. இன்று பல நாடுகளின் சிறைகள் அதைத்தான் பின்பற்றுகின்றன. ஒருவரைப் பற்றி மூன்று விடயங்களைப் பார்க்கச் சொல்கிறார்கள்.

முதலாவது, மறுபடி குற்றம் செய்யும் வாய்ப்பு எவ்வளவு. வாய்ப்புக் கூடியவருக்குக் கூடுதலான உதவி, குறைந்தவருக்குக் குறைவான தலையீடு. கேட்டால் ஆச்சரியமாக இருக்கும்: வாய்ப்புக் குறைந்தவரைக் கடும் திட்டங்களுக்குள் தள்ளினால் அவர் கெட்டுப்போகும் வாய்ப்பு உயர்கிறது. ஏனென்றால் அவரைக் குற்றத்திலிருந்து தூர வைத்திருந்ததே அவருடைய வேலை, வீடு, நல்ல சிநேகிதர்கள். அவற்றிலிருந்து பிடுங்கி, வாய்ப்புக் கூடியவர்களோடு நாள் முழுக்க உட்கார வைத்தால் வேறென்ன நடக்கும்? மேசன் கையாளுக்கு ஆறு மாத முகாமைவிட, திங்கட்கிழமை மேசன் பாஸ் திரும்பக் கூப்பிடுவதுதான் பெரிய காப்பு.

இரண்டாவது, தேவை. பழைய வழக்குகளை மாற்ற முடியாது. போதைப் பழக்கம், வேலையின்மை, கூடாத கூட்டு, குற்றத்தை நியாயப்படுத்தும் எண்ணம் ஆகியவற்றை மாற்றலாம். அங்கேதான் உழைப்பைப் போட வேண்டும். ஐஸோடு பிடிபட்டவர் எல்லோரும் அதற்கு அடிமையானவர் இல்லை. ஒருவர் ருசி பார்த்தவர், ஒருவர் அது இல்லாமல் நித்திரை கொள்ள முடியாதவர், ஒருவர் விற்றுச் சீவிப்பவர். 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் போதைக்கு அடிமையானவர்களைச் சிகிச்சைக்கு அனுப்பலாம். பொலன்னறுவை மாவட்டத்தில் கந்தக்காடு, சேனபுர நிலையங்கள் இருக்கின்றன. ஆனால் இந்த மூன்று பேரையும் பிரித்தறியாமல் ஒரே பஸ்ஸில் ஏற்றினால் சிகிச்சை யாருக்கு, வாடிக்கையாளர் யாருக்கு என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவதுதான் எங்கள் மாகாணத்துக்கு மிகவும் வேண்டியது: அந்த ஆளுக்கு ஏற்ற விதத்தில் உதவி போய்ச் சேருகிறதா. தமிழ் மட்டுமே தெரிந்த ஒருவருக்கு ஆலோசனை வகுப்பு சிங்களத்தில் நடந்தால், அவர் பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார். பதிவில் 'கலந்துகொண்டார்' என்று விழும். எழுத வாசிக்கத் தெரியாதவரிடம் படிவத்தைக் கொடுத்தாலும் அதே கதைதான். மொழியையும் எழுத்தறிவையும் வாசலிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ள இரண்டு நிமிடம் போதும். வகைப்படுத்தும் படிவத்தில் எனக்கு ஒரே ஒரு கட்டம் சேர்க்க அனுமதி கிடைத்தால் இதைத்தான் சேர்ப்பேன்.

[திரை: மட்டக்களப்பு ரயில் நிலையம், இரவு.]

நீண்ட தண்டனை பெற்றவர்களை இங்கிருந்து வெலிக்கடை, மஹர போன்ற பெரிய சிறைகளுக்கு மாற்றுவார்கள். நிர்வாகத்துக்கு அது சரியான பிரிப்பு. குடும்பத்துக்கு அது இரவு ரயில், ஒரு நாள் கூலி இழப்பு, சில நிமிடச் சந்திப்பு. பிள்ளையோடு போகும் மனைவி முதல் வருடம் மாதாமாதம் போவார், பிறகு பெருநாளுக்குப் பெருநாள், பிறகு கடிதம். மண்டேலா விதிகளில் 59ஆம் விதி, முடிந்தவரை வீட்டுக்குக் கிட்ட வைக்கச் சொல்கிறது. வெளியே வந்தால் போய் நிற்க ஒரு வாசல் இருப்பது எந்தத் தையல், தச்சுப் பயிற்சிக்கும் குறைந்ததல்ல.

பிரிப்பது உயிரைக் காப்பதற்கும்தான். 1983 ஜூலை 25, 27 ஆகிய இரண்டு நாட்களில் வெலிக்கடையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். தப்பியவர்களைக் கொண்டுவந்து அடைத்தது இதோ இந்த மட்டக்களப்புச் சிறையில்தான். அதே வருடம் செப்டெம்பர் 23 அன்று அங்கிருந்து பலர் சிறையுடைத்துப் போனதை ஊரில் வயதானவர்கள் இன்றும் சொல்வார்கள். யாரை யாரிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்ற கணக்குப் பிழைத்தால் அங்கே புனர்வாழ்வைப் பற்றிப் பேச ஆளே மிஞ்சாது.

ஒரு தடவை குத்திய முத்திரை கடைசிவரை நிற்கக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். மூன்றாமவரை எடுங்கள். குற்றவாளி என்று தீர்ப்பாகி ஐந்து வருடம் கிடைக்கிறது என்று வைப்போம். இரண்டு வருடம் ஒழுங்காக இருந்து ஒரு தொழிலும் பழகினால் அவருடைய வகை மாற வேண்டும். மதில் குறைந்த திறந்தவெளி முகாம்கள் இதற்குத்தான். பல்லேகலையில் ஒன்று இருக்கிறது. தண்டனைக் காலத்தின் பிற்பகுதியில் வீட்டு விடுமுறை, நிபந்தனைகளோடு முன்கூட்டியே வெளியே விடும் அனுமதிப்பத்திர அடிப்படையிலான விடுதலை என்ற படிகளும் உண்டு. பழைய கோப்பைத் தூசி தட்டி மறுபடி பார்க்க யாரும் இல்லையென்றால் முதல் நாள் முத்திரையோடுதான் கடைசி நாளும் போகும்.

[திரை: கூலித் தொழிலாளியின் ஓவியம் மட்டும்.]

இவரை மறந்துவிட்டோம். பெரும்பாலும் எல்லோரும் மறப்பது இவரைத்தான். தண்டனைக் கைதிகளாக உள்ளே வருபவர்களில் பெரும்பங்கு தண்டப்பணம் கட்ட முடியாமல் வருபவர்கள். சில மாதத்தில் போய்விடுவார். அதற்குள் ஆராயவும் முடியாது, திட்டம் வரையவும் முடியாது. ஆனால் படுக்க இடம் எடுக்கிறார், சாப்பாடு எடுக்கிறார், நலன்புரி உத்தியோகத்தரின் நேரத்தையும் எடுக்கிறார். வீட்டிலே அந்தச் சில மாதம் உலை கொதிக்காது.

என் அபிப்பிராயத்தில் வகைப்படுத்தல் இவருக்குச் சிறை வாசலுக்கு முன்பே, நீதிமன்றத்திலேயே நடக்க வேண்டும். வழி இல்லாமல் இல்லை. 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளையை அனுமதிக்கிறது: சிறைக்குப் பதிலாக, ஊரில் இருந்துகொண்டே பொது வேலை செய்வது, ஆலோசனை பெறுவது. தண்டப்பணத்துக்குக் கால அவகாசம் கேட்கலாம், தவணை முறையில் கட்டவும் கேட்கலாம். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. கேட்க வேண்டும் என்று தெரியாததால்தான் பலர் கேட்பதில்லை. சட்டத்தரணி வைக்க வசதியில்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்தில் விசாரிக்கலாம். போகும்போது வழக்கு இலக்கத்தையும், வருமானத்தைக் காட்ட கிராம உத்தியோகத்தரின் கடிதத்தையும் கொண்டுபோங்கள்.