அடக்கும் மூளையும் தூண்டும் மாத்திரையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மேடையை அலங்கரிக்கும் மருத்துவப் பெருமக்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் தலைமையாசிரியர்களே, பெற்றோர்களே, வணக்கம். எனக்கு முன் பேசிய பேராசிரியர் அம்மையார் மூளையின் அமைப்பைத் தெளிவாக விளக்கி என் சுமையைப் பாதியாக்கிவிட்டார். அவருக்கு என் நன்றி.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: மூளையை அடக்கும் வேதிப்பொருள், அதன்மேல் தூண்டு மருந்தின் விளைவு, உறக்கம். மூன்றுக்கும் பொருந்தும் பழமொழி ஒன்றுண்டு: அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு.

1937ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், நடத்தைச் சிக்கல் உள்ள குழந்தைகளுக்கான மருத்துவமனை. அங்கே சார்லஸ் பிராட்லி என்னும் மருத்துவர். மூளையை எக்ஸ்ரே எடுப்பதற்காக அந்நாளில் முதுகுத்தண்டு நீரை வெளியேற்றிக் காற்றைச் செலுத்துவார்கள். பாவம், பிள்ளைகளுக்குத் தலை வெடிப்பதுபோல் வலிக்கும். அந்த வலிக்காக பென்செட்ரின் என்னும் ஆம்ஃபெட்டமைன் வகைத் தூண்டு மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலி பெரிதாகக் குறையவில்லை. ஆனால், ஓர் இடத்தில் உட்காராத பிள்ளைகள் உட்கார்ந்தார்கள்! நோட்டைத் திறந்தார்கள்! 30 குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேரின் படிப்பில் வியக்கத்தக்க மாற்றம். குழந்தைகளே அதற்குக் 'கணக்கு மாத்திரை' என்று பெயர் சூட்டிவிட்டார்கள்.

தூண்டும் மருந்து எப்படி அமைதி தரும்? மூளையில் நரம்பணுக்களை அடக்கும் முதன்மைப் பொருள் காபா. தூண்டும் பொருளான குளூட்டமேட்டிலிருந்தே அது உருவாகிறது. ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் குறைபாட்டுக்கு இன்று தரப்படும் தூண்டு மருந்தான மெத்தில்பெனிடேட் காபாவை நேரடியாகத் தொடுவதில்லை. டோபமைன், நார்அட்ரீனலின் என்னும் செய்தி கடத்தும் வேதிப்பொருள்களை நரம்பணு திரும்ப உறிஞ்சாமல் தடுக்கிறது. நெற்றிக்குப் பின்னுள்ள மூளையின் முன்பகுதியில் அவை கூடும்போது தன்னடக்கம் வலுப்பெறுகிறது. ஏடிஹெச்டி உள்ள குழந்தைகளைக் காந்தத் துடிப்பால் சோதித்த ஆய்வுகளில், உடல் அசைவை இயக்கும் மூளைப் பகுதியான இயக்கப் புறணியில் காபா சார்ந்த அடக்கம் குறைந்திருந்தது. மெத்தில்பெனிடேட் கொடுத்ததும் அது கூடியது.

அதே டோபமைனும் நார்அட்ரீனலினும் தேவைக்கு மேல் பெருகினால் மூளையின் அந்த முன்பகுதியின் வேலை கெடுகிறது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு!

என் மனத்தை அறுப்பது இதுதான். தேர்வுக்கு முந்தைய இரவு, நண்பனுக்கு எழுதித்தந்த மாத்திரையை வாங்கி விழுங்குகிறார்கள் பிள்ளைகள். இதயம் படபடக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, பசியும் தூக்கமும் போகின்றன. அந்த மாத்திரை மருத்துவர் ஒரு குழந்தையைப் பார்த்து, அந்தக் குழந்தைக்காக அளந்து கொடுத்தது. அடுத்தவர் பிள்ளைக்கு அந்த அளவு எப்படிப் பொருந்தும்?

உறக்கத்தைப் பற்றி விரிவாகப் பேச நேரமில்லை. தலைவர் பொறுத்தருள வேண்டும். பெற்றோர்களே, மருத்துவர் தந்த மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள், எண்ணி வையுங்கள். தலைமையாசிரியர்களே, தேர்வு அட்டவணையை வெளியிடும் நாளிலேயே இதை வகுப்புதோறும் பேசுங்கள். அழைத்தால் நானும் வருகிறேன். வணக்கம்.