ஓ.டி. பார்க்கப் பிள்ளையைக் கூட்டிப் போகும்போது

நேயர்களுக்கு வணக்கம்.

மூன்று வயதுப் பிள்ளை, சோறு வாயில் பட்டாலே ஓங்கரிக்கிறது. நான்கு வயதாகியும் பென்சிலைத் தொட மாட்டேன் என்கிறது. கம்பளி மேலே பட்டால் கத்திக் கழற்றி எறிகிறது. இப்படிப்பட்ட பிள்ளையைக் கிளினிக்கில் பார்த்து, சிறுபிள்ளை விசேட வைத்தியரிடம் அனுப்பி, அவர் ‘ஓ.டி.யிடம் காட்டுங்கள்’ என்று துண்டு எழுதித் தருவார். ஓ.டி. என்றால் தொழில்வழிச் சிகிச்சையாளர். உண்பது, உடுத்துவது, விளையாடுவது, எழுதுவது என்று பிள்ளையின் அன்றாட வேலைகளில் எந்த இடத்தில் தடைப்படுகிறது என்று பார்த்து, அதைப் பழக்கிக் கொடுப்பவர்கள் இவர்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு இல்லை. ஆனால் தோட்டத்தில் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம் போகும், பஸ் காசும் போகும். அதனால் முதல் தடவையிலேயே முழுப் பலனும் கிடைக்கும்படி போக வேண்டும்.

மஸ்கெலியாவிலிருந்தோ பூண்டுலோயாவிலிருந்தோ பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்குப் போவதென்றால் வளைவுப் பாதையில் பிள்ளை வாந்தி எடுக்கும். அதற்குப் பயந்து கடையில் வாங்கிய பஸ் குளிசையைக் கொடுத்துவிடுகிறோம். அந்தக் குளிசைகளில் பல தூக்கத்தைக் கொடுப்பவை. சில தடிமன் பாணிகளும் அப்படித்தான். அரைத்தூக்கத்தில் இருக்கும் பிள்ளை, செய்யத் தெரிந்ததையும் செய்யாது. டொக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். புறப்படும் முன் கொஞ்சமாகச் சாப்பிடக் கொடுத்து, பஸ்ஸில் முன் பக்கம் உட்கார்ந்து, மாற்று உடுப்போடு போங்கள். உள்ளே கூப்பிட அரை மணி நேரம் முன்பே போய்ச் சேர்ந்தால் தின்னக் கொடுக்கவும் கக்கூசுக்குக் கூட்டிப் போகவும் நேரம் இருக்கும்.

குளிர் காலத்தில் இரண்டு ஸ்வெட்டர் போட்ட பிள்ளைக்குக் கை முழுதாகத் தூக்க வராது. உள்ளே போகும் முன் மேல் உடுப்பைக் கழற்றுங்கள். விறைத்த விரலால் பாசிமணி கோக்க முடியாது. உங்கள் உள்ளங்கைக்குள் வைத்துச் சூடாக்கிவிடுங்கள்.

மதிப்பீடு பெரும்பாலும் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் எடுக்கும். இரண்டரை சென்றிமீற்றர் சதுரக் கட்டைகளை அடுக்கச் சொல்வார்கள். ஒன்றரை வயதில் மூன்று, நான்கு கட்டை நிற்கும். இரண்டு வயதில் ஆறு. மூன்று வயதில் ஒன்பது வரை. மூன்று வயதில் வட்டம், நான்கில் கூட்டல் குறி, ஐந்தை நெருங்கும்போது சதுரம் பார்த்து வரைய வரும். சில மாதம் முன்பின் ஆகலாம். எண்ணிக்கையை விட, செய்கிற விதத்தைத்தான் அவர்கள் கவனிக்கிறார்கள். வரையும்போது மறு கை தாளைப் பிடிக்கிறதா? உடம்பு மேசையில் சாய்கிறதா? இடப்பக்கக் கட்டையை எடுக்க வலக்கை உடம்பின் நடுவைத் தாண்டிப் போகிறதா, நடுவில் கை மாறுகிறதா?

மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளை என்றால் கட்டாயம் சொல்லுங்கள். 32 வாரத்தில் பிறந்திருந்தால், 40 வாரத்துக்குக் குறைந்த அந்த எட்டு வாரத்தை வயதிலிருந்து கழித்துத்தான் பார்க்க வேண்டும். இரண்டு வயது வரைக்கும் அப்படித்தான். கிளினிக் புத்தகத்தில் இது இருக்கும், மறக்காமல் கொண்டு போங்கள். காது, கண் பார்த்த அறிக்கை இருந்தால் அதையும். காது கேட்காத பிள்ளை சொன்னதைச் செய்யாவிட்டால் அதைக் கைப்பழக்கக் குறை என்று எப்படி எண்ணுவது?

பெற்றோர் அதிகம் தவறும் இடம் ஒன்று உண்டு. பிள்ளை தடுமாறினால் பொறுக்காமல் கை நீட்டிவிடுகிறோம். பொத்தான் போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் பொத்தானை ஓட்டைக்குள் தள்ள வேண்டும். அதே நேரம் மறு கை துணி விளிம்பைப் பிடித்திருக்க வேண்டும். பிறகு கை மாறி, வெளியே வந்த பாதியை இழுக்க வேண்டும். தள்ளத் தெரிந்து இழுக்கத் தெரியாத பிள்ளைக்கு ஒரு பயிற்சி. துணியைப் பிடிக்க மறு கை வராத பிள்ளைக்கு வேறு பயிற்சி. நீங்கள் இழுத்து உதவிவிட்டால் எது என்று தெரியாமலே போய்விடும். வீட்டில் எப்படி என்று கேட்டாலும் ‘செய்வான்’, ‘செய்ய மாட்டான்’ என்று நிறுத்தாமல், எது வரை தானாகச் செய்கிறான், எந்த இடத்தில் கூப்பிடுகிறான் என்று சொல்லுங்கள்.

மொழியையும் சொல்லத்தான் வேண்டும். சிகிச்சையாளர் சிங்களத்தில் பேசுபவராக இருக்கலாம். தோட்டத்து லயத்துத் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளை அது விளங்காமல் சும்மா உட்கார்ந்திருந்தால், அது தெரியாமை என்று பதிவாகிவிடக்கூடாது. ‘பிள்ளைக்கு வீட்டில் தமிழ்தான், செய்து காட்டிக் கேளுங்கள்’ என்று முதலிலேயே சொல்லுங்கள். நீங்கள் மொழிபெயர்க்கும்போது சொன்னதை மட்டும் சொல்லுங்கள். விரலால் இடத்தைக் காட்டிக் கொடுக்காதீர்கள். கரண்டியால் சாப்பிடுவானா என்று கேட்பார்கள். நம் பிள்ளைகள் கையால் சாப்பிடுபவர்கள். அதைச் சொன்னால், கையால் பிசைந்து உருட்டுகிறானா என்று பார்ப்பார்கள்.

அம்மா கொழுந்து பறிக்கப் போகிற வீட்டில் பகல் முழுக்கப் பிள்ளையை வைத்திருப்பது அம்மாயியோ அப்பாயியோ பிள்ளைக் காம்பரா என்கிற தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலைய ஆயாவோதான். முடிந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள், முடியாவிட்டால் முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போனில் சாப்பாடு, உடுப்பு மாற்றுதல், மற்றப் பிள்ளைகளோடு விளையாட்டு, பிடிவாதம் என்று ஒவ்வொன்றும் ஓரிரு நிமிடம் பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுங்கள். முகமும் கையும் தெரியட்டும். புது இடத்தில் பிள்ளை உறைந்துபோனால் இந்தப் படங்கள் கைகொடுக்கும். தின்கிற தீனி ஒன்று, தின்ன மறுக்கும் தீனி ஒன்று, பொத்தான் வைத்த சட்டை, வழக்கமான கோப்பை இவற்றையும் பையில் போடுங்கள்.

ஓட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாட்டின் பெயரை ஓ.டி.யிடம் கேட்டு வற்புறுத்த வேண்டாம். அதைச் சொல்ல வேண்டியவர் விசேட வைத்தியர். இவரிடம் கேட்க வேண்டியது வீட்டில் செய்யும் பயிற்சி: என்ன, ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம், பிள்ளை அழுதால் விடுவதா தொடர்வதா. அவர் செய்து காட்டியதை அவர் முன்னாலேயே நீங்களும் ஒரு தரம் செய்யுங்கள். கை வைக்கும் இடம் பிழைத்தால் அங்கேயே திருத்துவார். மறு திகதி தரும்போது, டொக்டரின் கிளினிக் நாளிலேயே போட முடியுமா என்று கேளுங்கள். இரண்டு நாள் பேர் போகவேண்டிய இடத்தில் ஒரு நாள் பேர் மிஞ்சும். வர முடியாமல் போனால் அறிவிக்க யூனிட்டின் தொலைபேசி இலக்கத்தைக் கிளினிக் புத்தகத்தின் அட்டையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.