தெரியாதவராய் நிற்கும் பேறு

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, மாலை நேரத்தில் கொழும்பின் காலி வீதி நெரிசலைத் தாண்டி வெள்ளவத்தைக்கு வந்து இம்மண்டபத்தை நிறைத்திருக்கும் அவையோரே, அனைவருக்கும் என் வணக்கம்.

இளையோரின் ஆளுமையைப் பெரிதும் வளர்ப்பது பிறநாட்டில் ஆற்றும் தொண்டும் பெறும் பயிற்சியுமா, உள்ளூரில் ஆற்றும் தொண்டா என்பது நம்முன் வைக்கப்பட்டிருக்கும் வினா. பிறநாடே என்று வாதிட நான் வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று தடைகளை எழுப்பினார். வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்கு இது எட்டாக்கனி என்றார். பிறநாட்டுத் தொண்டு என்பது படம் பிடித்துக் காட்டுவதற்கான சுற்றுலா என்றார். நம் காலடியில் மலையகமும் வன்னியும் இருக்கும்போது கடல் கடப்பானேன் என்றும் கேட்டார். மூன்றிலும் வலுவானது கடைசிக் கேள்விதான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அக்கேள்விக்குத் துணையாக அவர் ஆரியரத்னவை அழைத்துவந்தார். கொழும்பு நாலந்தாக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த அப்பெரியவர், 1958 இல் தம் மாணவர்களைக் கனத்தொலுவ என்னும் ஒதுக்கப்பட்ட கிராமத்துக்கு அழைத்துச் சென்று சிரமதானம், அதாவது ஊதியமின்றிக் கூடிச் செய்யும் உடலுழைப்புத் தொண்டு, செய்வித்தார். அம்முகாமே சர்வோதயம் என்னும் கிராம மேம்பாட்டு இயக்கத்தின் வித்தாயிற்று. அந்த மாணவர்கள் அங்கு வளர்ந்தார்கள் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. உள்ளூர்த் தொண்டின் மேன்மையைக் குறைத்துப் பேசி வெல்ல வேண்டிய வழக்கு எனதன்று. ஆனால் இங்கு கேட்கப்பட்டிருப்பது எந்தத் தொண்டு மேன்மையானது என்பதன்று, தொண்டுக்குச் செல்லும் இளைஞருக்குள் எது ஆழமான மாற்றத்தை உண்டாக்குகிறது என்பதே.

கொழும்பிலிருந்து ஒரு மாணவர் குழு விடுமுறையில் நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்குச் செல்கிறது. தொழிலாளர் குடியிருப்பான லயன் வாசலில் நாற்காலியைத் துடைத்துப் போடுகிறார்கள். முதற்கோப்பைத் தேநீர் அவர்களுக்கே வருகிறது. இருபது வயதுப் பிள்ளைகளை அறுபது வயது முதியவர் 'சேர்' என்றும் 'மிஸ்' என்றும் அழைக்கிறார். குழுவினர் பாடம் சொல்லிக் கொடுக்கிறார்கள், கொப்பிகளையும் பேனைகளையும் பகிர்ந்தளிக்கிறார்கள், நிறைந்த மனத்தோடு திரும்புகிறார்கள். நல்ல பணிதான். நானும் பல விடுமுறைகளில் அவ்வாறு சென்றிருக்கிறேன், துடைத்துப் போடப்பட்ட அந்த நாற்காலியில் அமர்ந்தும் இருக்கிறேன். ஆனால் சென்றபோது நான் எந்தப் படியில் நின்றேனோ அதே படியில்தான் திரும்பிவந்தேன். என் மொழி அங்கு செல்லுபடியானது, என் படிப்பு மதிக்கப்பட்டது, என் ஊர்ப்பெயரே எனக்கு ஒரு தகுதியாக இருந்தது. கொடுப்பவனாகவே போய்க் கொடுப்பவனாகவே மீண்டேன்.

நடுவர் அவர்களே, எங்கள் அணியின் வாதம் முழுவதும் இந்த இடத்திலேயே நிற்கிறது. பிறநாட்டில் நமக்கு அந்த நாற்காலி இல்லை.

என் சித்தியின் மகளைப் பற்றி இந்த அவையில் சொல்ல அவளிடம் அனுமதி பெற்றே வந்திருக்கிறேன். பட்டதாரி. மூன்று மொழிகளில் தயக்கமின்றிப் பேசுபவள். பள்ளிக் காலத்தில் விவாத மேடைகளில் அவளுக்கு எதிரே நிற்கப் பலர் அஞ்சினார்கள். அவள் ஓராண்டுத் தொண்டர் சேவைக்காக ஜேர்மனியில் ஒரு முதியோர் இல்லத்துக்குச் சென்றாள். சென்ற வழியையும் சொல்லிவிடுகிறேன், அதிலேயே எதிரணியின் முதற்தடைக்கும் விடை இருக்கிறது. ஜேர்மனி 2011 இல் கட்டாய இராணுவ சேவையை நிறுத்திவைத்தது. இராணுவத்துக்குச் செல்ல மறுத்த இளைஞர்கள் அதற்கு மாற்றாக முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் செய்துவந்த பணியும் அத்துடன் நின்றுபோனது. அந்த வெற்றிடத்தை நிரப்பவே கூட்டாட்சித் தொண்டர் சேவை என்னும் திட்டத்தை அந்நாடு தொடங்கியது. தன் இளைஞர்களை 2008 முதல் வளர்முக நாடுகளுக்கு அனுப்பிவந்த மற்றொரு திட்டத்தின் வழியே, 2013 முதல் வளர்முக நாடுகளின் இளைஞர்களையும் தன்னிடம் அழைக்கிறது. அவள் சென்ற வழி இதுவே. தங்குமிடமும் காப்புறுதியும் கைச்செலவுப் பணமும் உண்டு, ஓராண்டில் இருபத்தைந்து நாள் கருத்தரங்கும் உண்டு. பணம் படைத்தவர் மட்டுமே போகக்கூடிய வழியாக இது வகுக்கப்படவில்லை. 1970 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை உருவாக்கிய தொண்டர் திட்டத்திலும் பணியாற்றுவோருக்கு வாழ்க்கைச் செலவுப்படி வழங்கப்படுகிறது. இவ்வழிகள் எல்லோருக்கும் தெரியாதிருக்கின்றன என்பது உண்மை. அது நம் பாடசாலைகளும் சங்கங்களும் எடுத்துச் சொல்லித் தீர்க்க வேண்டிய குறை.

அந்த இல்லத்தில் அவளுக்குக் கிடைத்த வேலை காலை உணவுத் தட்டைக் கொண்டுபோவது, படுக்கை விரிப்பது, சக்கர நாற்காலியைத் தள்ளிச் செல்வது. மூன்று மொழி பேசியவளின் வாயில் அங்கு ஒரு மொழியும் இல்லை. புறப்படும் முன் கற்ற சிறிதளவு ஜேர்மன், தொண்ணூறை நெருங்கும் முதியவர்களின் வட்டார உச்சரிப்பின் முன் கரைந்துபோனது. முதல் மாதத்தில் ஒரு மூதாட்டி தன் கரண்டியை உயர்த்திப் பிடித்து 'லொஃபெல்' என்றார். அவள் திருப்பிச் சொன்னாள். மூதாட்டி தலையை ஆட்டி மறுபடி சொன்னார். கஞ்சி ஆறிப்போகும் வரை அந்த ஒரு சொல்லே அவர்களுக்கிடையில் போய்வந்தது. மறுநாள் கிண்ணம், அடுத்த நாள் தலையணை. அன்றிரவு தொலைபேசியில், "அண்ணா, இங்கே நான் நான்கு வயதுப் பிள்ளை" என்று சொல்லி அழுதாள்.

நான் அப்போது ஆறுதல் சொன்னேன். இப்போது எண்ணிப் பார்க்கையில், அவள் வாழ்வில் பெற்ற மிகப்பெரிய கல்வி அந்த வாக்கியத்தில்தான் தொடங்கியது என்று தோன்றுகிறது. உதவி செய்யப் போனவள், கரண்டியின் பெயருக்குக்கூட இன்னொருவரின் பொறுமையை எதிர்பார்த்து நின்றாள். ஒருவரின் தயவில் நிற்பது என்றால் என்ன, பிழையாகப் பேசும்போது சுற்றியிருப்பவர் முகங்கள் எப்படி மாறும், சிரிக்காமல் திருத்துகிற ஒருவர் எவ்வளவு பெரிய மனிதர் என்பவற்றையெல்லாம் அவள் உடம்பால் அறிந்தாள்.

வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. 1893 இல் இருபத்து மூன்று வயதான காந்தி, ஒரு வணிக நிறுவனத்தின் வழக்குக்காக ஓராண்டு ஒப்பந்தத்தில் தென்னாபிரிக்கா சென்றார். மும்பை நீதிமன்றத்தில் முதல் வழக்கிலேயே நா எழாமல் அமர்ந்துவிட்ட இளம் வழக்கறிஞர் அவர். புகைவண்டியிலிருந்து அவர் இறக்கிவிடப்பட்ட கதையை எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்ல விரும்புவது அடுத்த ஆண்டு டர்பனில் நடந்ததை. பாலசுந்தரம் என்னும் தமிழ் ஒப்பந்தக் கூலித் தொழிலாளி, முதலாளியால் அடிக்கப்பட்டு, முன்பற்கள் உடைந்து, வாயில் இரத்தம் ஒழுக, தலைப்பாகையைக் கழற்றிக் கையில் ஏந்தியபடி அவர்முன் வந்து நின்றார். தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளுமாறு காந்தி அவரிடம் சொன்னார். அந்தக் கை எதற்காகத் தாழ்ந்திருக்கிறது என்பது அவருக்கு உடனே விளங்கியது, ஏனெனில் தலைப்பாகைக்காக அந்நாட்டு நீதிமன்றத்தில் அவரும் சிறுமைப்பட்டிருந்தார். அந்நாட்டில் ஆங்கிலேயருக்கும் டச்சு வழிவந்த போவர்களுக்கும் இடையே போவர் யுத்தம் மூண்ட 1899 இல், காயமுற்றோரைச் சுமந்து காக்க ஏறத்தாழ 1,100 இந்தியரைக் கொண்ட தொண்டர் படையை அவர் திரட்டியபோது, ஒப்பந்தத் தொழிலாளரும் அதில் தோளோடு தோள் நின்றனர். சொந்த நாட்டில் கண்ணில் படாத சொந்த மக்களை அவர் அந்நிய மண்ணிலேயே கண்டுகொண்டார்.

இனிச் சுற்றுலா என்னும் குற்றச்சாட்டு. இதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமும் இல்லை. இரண்டு வாரத்துக்குப் பணம் கட்டி, அநாதை இல்லப் பிள்ளைகளைத் தூக்கிவைத்துப் படமெடுத்துத் திரும்பும் வணிகம் உலகில் இருக்கிறது. பெற்றோர் உள்ள பிள்ளைகளையே அந்த வணிகத்துக்காக இல்லங்களில் சேர்க்கும் கொடுமையும் நடக்கிறது. அவுஸ்திரேலியா 2018 இல் நவீன அடிமைத்தனச் சட்டத்தை இயற்றியபோது, அதை அடிமைத்தனத்தின் ஒரு வடிவமாகவே கருதிப் பேசியது. அத்தகைய பயணத்தை எங்கள் அணி ஒருபோதும் காக்காது. ஆனால் போலி நாணயம் புழங்குகிறது என்பதற்காக நாணயத்தையே எறிந்துவிட முடியாது. 1920 இல் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த பியேர் செரெசோல், முதலாம் உலகப் போரில் சிதைந்த வெர்டன் பகுதியின் எஸ்ன் என்னும் பிரெஞ்சுக் கிராமத்தைத் திருத்திக்கட்ட ஒரு சிறு குழுவைத் திரட்டினார். அக்குழுவில் ஜேர்மனியரும் இருந்தனர். தாம் பகைநாட்டினராய் இருந்த மண்ணில், தம்மை வெறுக்க எல்லாக் காரணமும் உள்ளவர்களின் வீடுகளுக்காக அவர்கள் மண்வெட்டி பிடித்தார்கள். முகாம் சில மாதங்களே நீடித்தது, ஆனால் அதிலிருந்து சர்வதேசத் தொண்டு முகாம் மரபொன்று வளர்ந்தது. 1934 இல் பீகாரைப் பூகம்பம் குலைத்தபோது செரெசோல் தாமே அங்கு சென்று கிராமங்களைக் கட்டுவதில் பங்கெடுத்தார். இந்த மரபில் பயிற்சி பெறும் இளைஞனைச் சுற்றுலாப் பயணி என்று யார் சொல்வார்?

நிறுவனங்களில் வேலை பழகும் உள்ளகப் பயிற்சியைப் பற்றி ஒன்று மட்டும். ஐக்கிய நாடுகள் செயலகமே பயிற்சியாளருக்கு ஊதியம் வழங்குவதில்லை என்பது வெட்கத்துக்குரியது. ஜெனீவாவிலும் நியூயோர்க்கிலும் சொந்தச் செலவில் ஆறு மாதம் தங்கக்கூடிய பிள்ளை யார் என்பது நமக்குத் தெரியும். ஆகவே ஊதியமோ உதவித்தொகையோ உள்ள பயிற்சியையே இளையோர் தேட வேண்டும், அதைக் கோரவும் வேண்டும்.

போனவர் திரும்புவதில்லை என்று எதிரணியில் ஒருவர் இடையில் சொன்னார். 2022 இன் நெருக்கடிக்குப் பின் கடவுச்சீட்டுக்காக இரவிரவாக வரிசையில் நின்ற ஊர் இது. அந்த வலி எல்லார் வீட்டிலும் உண்டு, என் வீட்டிலும் உண்டு. ஆயினும் பிழைப்புக்காகப் புலம்பெயர்வதும், நாள் குறித்த வீசாவில் தொண்டுக்குச் செல்வதும் வேறு வேறு. என் தங்கை பன்னிரண்டாம் மாதம் முடிந்ததும் திரும்பி வந்தாள்.

வந்தபின் நடந்ததைச் சொல்லி அமர்கிறேன். கொழும்பின் பெரிய அரச வைத்தியசாலை ஒன்றுக்கு அவள் சிறு வயதிலிருந்தே பாட்டியுடன் போய்வருபவள். மட்டக்களப்பிலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் வந்து, சிங்களம் தெரியாமல் சாளரத்துக்குச் சாளரம் அலையும் நோயாளரை இருபது ஆண்டுகளாகக் கடந்து போயிருக்கிறாள். திரும்பிவந்த மாதத்தில், மருந்துச் சாளரத்தின் அருகே ஒரு முதியவர் கையிலிருந்த போத்தலையே பார்த்தபடி நின்றார். அதில் சிங்களத்தில் மட்டும் எழுதியிருந்தது. முன்பு என்றால் படித்துச் சொல்லிவிட்டு நடந்திருப்பேன், அல்லது கவனித்தே இருக்கமாட்டேன் என்று அவளே சொன்னாள். அன்று அவள் அவருடன் வாங்கில் அமர்ந்தாள். மருந்துடன் தந்திருந்த சிறு கரண்டியை உயர்த்திப் பிடித்து, அதன் சிங்களப் பெயரான 'ஹெந்த' என்பதைச் சொன்னாள். அவர் பிழையாகச் சொன்னார். அவள் சிரிக்காமல் மறுபடி சொன்னாள். இப்போது சனிக்கிழமைதோறும் காலையில், அதே சாளரத்தின் அருகே, அவளும் அவளுடைய தோழியர் நால்வரும் நிற்கிறார்கள்.

நடுவர் அவர்களே, எதிரணி போற்றும் உள்ளூர்த் தொண்டு அது. அதற்கான வழி அந்த முதியோர் இல்லத்தின் உணவுத் தட்டின் வழியாகத்தான் வந்தது என்பதை உங்கள் தீர்ப்புக்கு விட்டு அமைகிறேன். வணக்கம்.