டேங்க் 30 டாலர், அதன் துருவுக்கு 70 டாலர்

வணக்கம் மக்களே. போன வீடியோவில் காட்டிய ஸ்டீல் 72 டேங்க், அதாவது கடலுக்கடியில் மூச்சுவிட ஸ்கூபா டைவர்கள் முதுகில் மாட்டும் பழைய எஃகு காற்று சிலிண்டர், ஞாபகம் இருக்கிறதா? ஃப்ளோரிடா கராஜ் சேலில் 40 டாலர் சொன்னதை 30-க்குப் பேசி முடித்தேனே, அதேதான். தோளில் ஐசிசி 3ஏஏ 2250 என்று முத்திரை. 3ஏஏ என்பது எஃகு சிலிண்டர் வகை, 2250 என்பது பிஎஸ்ஐ கணக்கில் அழுத்தம். ஐசிசி என்றால் டிஓடி, அதாவது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் முத்திரை வருவதற்கு முந்தைய சரக்கு. அந்தப் பெருமையில் ஒரு வாரம் மிதந்தேன்.

உள்ளே எட்டிப் பார்த்தால் எபாக்ஸி லைனிங், அதாவது உள்சுவரில் பிசின் பூச்சு. எனக்கு இதைக் கண்டாலே ஆகாது, உங்களுக்கே தெரியும். துரு பிடிக்காமலிருக்கத்தான் அந்தக் காலத்தில் பூசினார்கள். ஆனால் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் போதும், ஈரம் இறங்கி பூச்சுக்கு அடியிலேயே துரு பரவும். மேலே பார்த்தால் பளபள! பூச்சில்லாத டேங்க் எவ்வளவோ மேல், துரு இருந்தால் நேராகக் கண்ணில் படும்.

சரி, வால்வைக் கழற்றி... இருங்கள், ஒன்றை விட்டுவிட்டேன். முதலில் காற்று முழுவதையும் மெதுவாகத் திறந்துவிட வேண்டும். அழுத்தம் இருக்கும்போது வால்வில் ஸ்பேனரே படக்கூடாது. அடியிலுள்ள ரப்பர் பூட்ஸையும் கழற்றுங்கள், உப்புத் தண்ணீர் தேங்குவது அங்கேதான். அப்புறம் சின்ன பல்பை இறக்கி போரோஸ்கோப்பில், அதாவது உள்ளே நுழைத்துப் பார்க்கும் குழாய்க் கருவியில் பார்த்தேன். அடிப்பக்கம் கொப்புளம் கொப்புளமாக லைனிங். மரச் சுத்தியலால் தட்டிக் கவிழ்த்தால், செதில்களோடு செம்மண் மாதிரிப் பொடி கொட்டுகிறது.

லைனிங்கை எடுக்காமல், துரு அரித்த குழியின் ஆழம் தெரியாது. அதற்கு டம்ளிங். கடையில் 70 டாலர் கேட்டார்கள். டேங்கே 30 டாலர், மக்களே! பீங்கான் சில்லுகளைப் போட்டு ரோலரில் உருட்டுவதற்கு எழுபதா? லைனிங் உரிய ரொம்ப நேரமாகுமாம், அதனால் கூலியும் கூடவாம். பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தேன்.

டேங்கில் தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றும் ஹைட்ரோ டெஸ்ட் போதாதா என்பீர்கள். 5 வருடத்துக்கு ஒருமுறை செய்யும் அந்த டெஸ்ட், டேங்க் மொத்தமாக எவ்வளவு விரிகிறது என்றுதான் அளக்கும். ஓரிடத்துக் குழி அதில் தப்பிவிடலாம். இன்னொன்று, ஈர டேங்கில் துரு உள்ளிருக்கும் ஆக்சிஜனையும் தின்னும். அந்தக் காற்றை மூச்சிழுத்தால் வாசனையோ ருசியோ எதுவும் காட்டிக்கொடுக்காது. மயங்கிய பிறகுதான் தெரியும், அதுவும் பக்கத்தில் இருப்பவருக்கு.

இப்போது சுவர் வெறும் இரும்பு. அங்கங்கே மேலோட்டமான குழிகள்தான், ஆழமாக எதுவுமில்லை. அடுத்து ஹைட்ரோவுக்குப் போகிறது. டேங்கைத் திருப்பிக் கொடுக்கும்போது கடைக்காரர், புதிதாக லைனிங் பூசித் தரட்டுமா என்று கேட்டார். ஒரு முறை முறைத்தேன், பில்லை நீட்டிவிட்டார்.